உயர்த்திய ஜீப்பில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணம் வரை

ஒடுகத்தூர் பக்கமிருந்து ஜவ்வாது மலைக்குள் ஏறும் மண்தடங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு ஒருமுறை சென்று வந்தவர்களுக்கு, ஜீப்பின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, ஏன் உயர்த்துகிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மழைநீர் தடத்தின் நடுவே வாய்க்கால் போல அறுத்துச் சென்றிருக்கும். அதைத் தாண்டும்போது முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் மேட்டிலேயே நிற்கும் அந்த ஒரு கணத்தில், வண்டியின் வயிறு பாறையில் உரசும் சத்தம் உள்ளே இருப்பவரின் உள்ளங்கால் வரை வந்து சேரும். அந்த உரசலைத் தவிர்க்கவே வண்டியை உயர்த்துகிறோம்.

உயர்த்துவதால் உண்மையாகவே கிடைப்பவை மூன்று கோணங்கள். மேட்டை முட்டாமல் முன்பம்பர் ஏறும் கோணம், இறங்கும்போது பின்பக்கம் தரையில் இடிக்காத கோணம், மேட்டின் முகட்டில் வயிறு தட்டாத கோணம். 2020ல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் இந்த மூன்றாவது கோணம் 27 டிகிரி. தரையிடைவெளி 226 மி.மீ. 2,450 மி.மீ வீல்பேஸ் உள்ள அப்படியொரு வண்டியின் வயிற்றை 50 மி.மீ உயர்த்தினால் அக்கோணம் 4 டிகிரிக்குச் சற்று மேல் கூடும். மலைத்தடத்தில் அது பெரிய லாபம்தான். ஆனால் உயர்வது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் அதன் மேல் இருப்பவையும் மட்டுமே. இடவலச் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கூடான ஹவுசிங், அதன் நடுவே தொங்கும், பல்சக்கரங்கள் அடங்கிய உருண்டையான கிரவுன் ஆகிய இரண்டும் சக்கரத்தோடு சேர்ந்தவை என்பதால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். உயராத ஹவுசிங்கையும் உயர்ந்துவிட்ட சேஸிஸையும் இணைக்கும் கம்பி, குழாய், ஷாஃப்ட், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் ஒவ்வொன்றும் பழைய உயரத்துக்கென்று அளந்து செய்யப்பட்டது. உயர்த்திய வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இணைப்புகளில் ஏதோ ஒன்றைத் திருத்தாமல் விட்டதால் வருபவை. ஆகவே கோளாறு வந்ததும் விலை உயர்ந்த பொருளை மாற்றத் தொடங்காமல், அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வதே முறை.

முதல் வேலை அளப்பது. காட்பாடியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக், "தம்பி, ஸ்பேனரத் தொடறதுக்கு முன்னாடி டேப்ப எடு" என்பார். சமதளத்தில் நிறுத்தி, காற்றழுத்தம் சரிபார்த்து, நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இடவலமாக 10 மி.மீக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஸ்பிரிங் சரியாக அமரவில்லை, அல்லது இரண்டும் ஒரே ஜோடி அல்ல. அதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குச் செல்வதில் பயனில்லை.

நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது. ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் 80ல் செல்லும்போது, பக்கத்தில் ஒரு லாரி கடந்தாலே வண்டி ஒருபுறம் இழுக்கிறது, ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் உயர்த்தியவர்களிடம் நான் மிக அதிகமாகக் கேட்ட புகார். முதலில் டயரைப் பாருங்கள். மணலில் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, நிரப்பாமலே நெடுஞ்சாலை ஏறியிருந்தால் இதே அலைச்சல் வரும். காற்று சரியாக இருந்தும் அலைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் கேஸ்டர் கோணம் குறைந்திருப்பதே.

முன்சக்கரம் எந்த அச்சில் இடவலமாகத் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதும், கையை விட்டாலும் அது நேராக ஓட இதுவும் ஒரு காரணம். மாருதி ஜிம்னி போல முன்ஹவுசிங்கை இரண்டு நீண்ட ஆர்ம்கள் பின்னோக்கிச் சென்று சேஸிஸில் பிடிக்கும் வண்டியில், சேஸிஸ் உயர்ந்தால் ஆர்மின் பின்முனையும் அதோடு உயரும்; ஹவுசிங் முன்புறமாகக் கவிழும்; கேஸ்டர் குறையும். ஆர்ம் ஒரு மீட்டர் நீளம் என்று கொண்டால் 50 மி.மீ உயர்வுக்கு ஏறத்தாழ 3 டிகிரி போய்விடும். கம்பெனியிலிருந்து வரும்போது இருப்பதே சில டிகிரிதான் என்பதால், மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மாருதி ஜிப்ஸி போலப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிள் உள்ள வண்டியில் நீள ஷாக்கிள் போட்டு உயர்த்தினாலும் இதே கவிழ்ப்புதான் நடக்கும்.

சோதிப்பது எளிது. ஆளில்லாத இடத்தில் 20 கி.மீ வேகத்தில் ஸ்டியரிங்கை அரைச்சுற்று திருப்பிவிட்டு, கையைத் தளர்த்திப் பிடியுங்கள். அது தானாக நடுவுக்கு வர வேண்டும். வராமல் திரும்பிய இடத்திலேயே சோம்பி நின்றால் கேஸ்டர் போய்விட்டது. பிறகு அலைன்மென்ட் கடையில் டோ மட்டும், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு மட்டும், பார்த்து அனுப்பிவிடாமல், கேஸ்டர் அளவை எழுதி வாங்குங்கள். ஆர்ம் உள்ள வண்டிக்கு, துளை நடுவில் இல்லாமல் விலகியிருக்கும் கேஸ்டர் புஷ் கிடைக்கிறது. பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வைக்கும் ஆப்பு உண்டு. ஆப்பை எஃகில் வாங்க வேண்டும், வார்ப்பு அலுமினியம் நாளடைவில் நசுங்கிவிடும். ஆப்பைத் திசை மாற்றி வைத்துவிட்டு, முன்பைவிட மோசமாகிவிட்டதே என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வைத்த பிறகு மீண்டும் அளப்பது கட்டாயம்.

இதில் ஒரு விட்டுக்கொடுப்பு இருப்பதையும் சொல்ல வேண்டும். கேஸ்டரைத் திருத்த ஹவுசிங்கைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது, அதன் பின்புறமுள்ள பினியன், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு, கீழே இறங்கும்; இன்ஜின் சுழற்சியை ஹவுசிங்குக்குக் கொண்டுவரும் முன்புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும். 50 மி.மீ வரை இரண்டையும் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஒன்றைக் காக்க இன்னொன்றை இழக்க நேரிடும் என்பதால்தான், மலைத்தடமும் நெடுஞ்சாலையும் இரண்டுமே ஓட்டுபவருக்கு 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது. ஹவுசிங் ஒருபக்கம் தள்ளியிருக்கிறது

காயில் ஸ்பிரிங் வண்டியில் ஹவுசிங் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது, ஒருமுனை சேஸிஸிலும் மறுமுனை ஹவுசிங்கிலும் மாட்டிய பேன்ஹார்டு ராடு. அது சாய்வாக இருப்பதால் சேஸிஸ் உயர உயர ஹவுசிங்கைப் பக்கவாட்டில் இழுக்கும். 900 மி.மீ நீள ராடின் இரு முனைகளுக்கு நடுவே உயர வேறுபாடு முன்பு 100 மி.மீ இருந்து, உயர்த்தியபின் 150 ஆனால், ஹவுசிங் ஏறத்தாழ 7 மி.மீ நகரும். நீளத்தைத் திருத்தக்கூடிய ராடு போட்டால் இது தீரும். ஸ்டியரிங் வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டிவிடுவது தீர்வாகாது. ஸ்டியரிங் கியர்பாக்ஸ் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி நிற்கும், ஒருபக்கம் சக்கரம் திரும்பும் அளவு குறையும். ஸ்டியரிங் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்கின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும். டிராக் லிங்கும் பேன்ஹார்டு ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று முன்னால் குனிந்து பாருங்கள். இணை தவறினால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் உதறுகிறது

சாலையின் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கைகளிலிருந்து பிடுங்கிக்கொள்வது போல உதறும். வேகம் குறையும் வரை நிற்காது. ஓட்டும்போது இது வந்தால் பதறி பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, படிப்படியாக வேகம் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரிம்மின் உட்புறம். மலையிலிருந்து இறங்கிய வண்டியில் செம்மண் சேறு ரிம்மின் உள்விளிம்பில் அடைபோல ஒட்டிக் காய்ந்திருக்கும். வெளியிலிருந்து கழுவினால் தெரியாது. விரலை உள்ளே விட்டுத் தடவினால் ஓட்டுத்துண்டு போலப் பெயர்ந்து வரும் அந்த மண்ணே சக்கரத்தின் பேலன்ஸைக் கெடுக்கப் போதுமானது. அது இல்லையென்றால் வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, இன்ஜின் ஓட, உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லிவிட்டு, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கவாட்டிலிருந்து பேன்ஹார்டு ராடின் இரு முனைகளையும் பாருங்கள். புஷ் வளைந்து கொடுக்கலாம், ஆனால் போல்ட் துளைக்குள் மயிரிழைகூட நகரக்கூடாது. நகர்ந்தால் துளை முட்டைவடிவமாகிவிட்டது. எத்தனை முறை முறுக்கினாலும் அந்த போல்ட் நிற்காது, பிராக்கெட்டைச் சீர்செய்ய வேண்டும். அடுத்து, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள், வீல் பேரிங், சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங். கேஸ்டரும் குறைந்திருந்தால் மேலே சொன்ன திருத்தத்தை முதலில் முடியுங்கள்.

உதறலுக்கு, ஸ்டியரிங் கம்பியின் ஆட்டத்தைத் தணிக்கும் பெரிய ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டச் சொல்வார்கள். அது உதறலை அடக்கும். தளர்ந்துபோன போல்ட்டை அடக்காது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மாட்டுவதில் தவறில்லை.

50, 60 வேகத்தில் அடியிலிருந்து முனகலும் அதிர்வும்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதிர்வின் தன்மை மாறினால், புரொபெல்லர் ஷாஃப்டைச் சந்தேகியுங்கள். ஷாஃப்டின் முனையில் உள்ள சாதாரண யூ-ஜாயிண்ட் என்னும் மூட்டு, கோணத்தில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சமன்செய்துவிடும். பின்பக்கம் நீள ஷாக்கிள் போட்டு உயர்த்தியவர்களின் ஹவுசிங் சுழன்று பினியன் மூக்கு மேல்நோக்கி எழும்பிவிடுவதால் அந்தச் சமன் கெடுகிறது. கைப்பேசியில் உள்ள கோணமானியை கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஒரு டிகிரிக்குள் கொண்டுவருவதே இலக்கு. ஒருமுனையில் இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் பினியன் ஷாஃப்டை நோக்கியே நிற்க வேண்டும். ஷாஃப்டின் நீளும் பகுதி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். முன்பு மறைந்திருந்த பளபளப்பான பகுதி புதிதாக வெளியே தெரிந்தால், சக்கரம் தொங்கும்போது உள்ளே பிடிப்பு போதாமல் போகலாம்.

சின்னப் பள்ளத்துக்கே 'டங்' என்று அடிக்கிறது, வண்டி முரடாகிவிட்டது

2010ல் வந்த பழைய தார் போன்ற, முன்பக்கம் காயிலுக்குப் பதில் முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் இதை அதிகம் காணலாம். சரிப்படுத்தும் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயர்ந்துவிடுவதால், செலவில்லாத லிஃப்ட் என்று செய்துவிடுகிறார்கள். முறுக்கினால் பார் கெட்டியாகிவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. பார் அப்படியேதான் இருக்கிறது. சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம்தான் தீர்ந்துவிட்டது. பள்ளத்தில் சக்கரம் இறங்க முயலும்போது மேல் ஆர்ம் உடனே ரப்பர் ஸ்டாப்பரில் போய் முட்டுகிறது, நீங்கள் கேட்கும் 'டங்' அதுதான். வண்டி நிற்கும்போது மேல் ஆர்முக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இல்லையென்றால், முறுக்கியதில் பாதியைத் திருப்பி விடுங்கள். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையையும் அப்போதே பாருங்கள். கூடுதல் கோணத்தில் அதன் மடிப்புகள் ஒன்றையொன்று தேய்த்துக் கிழியும், கிழிந்த வழியாக கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும்.

ஸ்பிரிங்கை உயர்த்தி ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) பழையதையே விட்ட வண்டியிலும் இதே சத்தம் வரும். ஷாக்கின் ராடில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி, அடிப்பக்கம் தள்ளிவிட்டு, அமிர்தி காட்டுச்சாலை வரை ஒருமுறை போய்வாருங்கள். ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதை அந்த டை நகர்ந்து நின்ற இடம் காட்டும். விரிதல் போதுமா என்று பார்க்க, சேஸிஸைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ஷாக் முழுவதும் விரிந்து இழுபட்டு நிற்கும்போது காயில் ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடினால் இரண்டின் நீளமும் பொருந்தவில்லை.

பட்டை ஸ்பிரிங்கில் கூடுதல் தகடு சேர்த்து உயர்த்தினால் முரட்டுத்தனம் நிச்சயம். சாமான் ஏற்றும் வண்டிக்கு அது பொருந்தும். மலைத்தடத்தில் ஒரு சக்கரம் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும்போது, வளைந்து கொடுக்காத ஸ்பிரிங் ஒரு சக்கரத்தைக் காற்றில் தூக்கிவிடும். எதற்காக உயர்த்தினோமோ அந்தப் பிடிமானமே போய்விடும்.

புதிதாகப் போட்ட ரப்பர் புஷ் சில வாரங்களில் கிழிந்தால் புஷ்ஷைக் குறைசொல்லாதீர்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். சக்கரங்கள் தரையில் நின்று, முழு எடையும் இறங்கிய பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எந்நேரமும் திருகப்பட்ட நிலையிலேயே இருக்கும்.

பிரேக் முன்போலப் பிடிக்கவில்லை

இந்த அறிகுறி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். என் ஜிப்ஸியை முதன்முதலில் ஒரு பட்டறையில் 2 அங்குலம் உயர்த்தினேன். ஒரு மாதம் கழித்து பாலாற்றின் கரைச்சரிவில் பின்சக்கரம் ஒன்று தொங்கியபடி நின்றபோது, எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். சேஸிஸிலிருந்து பின்ஹவுசிங்குக்கு வரும் பிரேக் ஹோஸ், தளர்வாக வளைந்து தொங்க வேண்டியது, தம்பூரா நரம்பு போல நேராக இழுபட்டிருந்தது. உலோக முனையை ஒட்டிய ரப்பரில் மெல்லிய கோடுகள். நகத்தால் சற்று அழுத்தியதும் அவை பிளந்து, உள்ளே பின்னிய வெள்ளை நூல் தெரிந்தது. அந்த ஹோஸ் ஒன்றுதான் இரண்டு பின்சக்கரங்களுக்கும். ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து யார் வண்டியானாலும் சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, முன்சக்கரங்களை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் தளர்வாக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

ஹோஸ் சரியாக இருந்தும் பிரேக் மந்தமாக இருந்தால், பின்ஹவுசிங்குக்கு ஒரு கம்பியால் இணைத்த லோடு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சாமான் ஏற்றும்போது சேஸிஸ் தாழ்வதை வைத்துப் பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. சேஸிஸை உயர்த்திவிட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கே அதன் பிராக்கெட்டையும் திருத்த வேண்டும். பட்டறைகளில் அதிகம் மறக்கப்படுவது இதுவே.

ஏலகிரி வளைவில் வண்டி சாய்வது அச்சம் தருகிறது

ஏலகிரியின் 14 கொண்டைஊசி வளைவுகளில் இது தெளிவாகத் தெரியும். சக்கர இடைவெளி 1,500 மி.மீ, கனமையம் 700 மி.மீ உயரம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், வண்டி கவிழத் தொடங்கும் பக்கச்சாய்வு 47 டிகிரி. 50 மி.மீ லிஃப்டில் ஹவுசிங்கும் சக்கரமும் உயராததால் கனமையம் சுமார் 40 மி.மீ உயரும், கோணம் ஒன்றரை டிகிரி குறையும். உண்மையில் தாழ்ந்த பக்க ஸ்பிரிங் அமுங்குவதால், உயர்த்துவதற்கு முன்பும் பின்பும் கவிழும் கோணம் இதைவிடக் குறைவுதான். இதோடு ஒப்பிட, 1,700 கிலோ வண்டியின் கூரையில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 80 கிலோ சாமான் கட்டினால் கனமையம் 58 மி.மீ உயர்கிறது. லிஃப்டைவிடக் கேரியர் அதிகக் கேடு செய்கிறது. எனவே சாய்வு அதிகமாகத் தெரிந்தால் முதலில் கேரியரை இறக்குங்கள். பிறகு, தடத்தில் சக்கரம் நன்றாக இறங்குவதற்காகக் கழற்றிய ஆன்டி-ரோல் பாரை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை, மலையிறங்கியதும் மாட்டினீர்களா என்று பாருங்கள்.

இழுவை குறைந்தது, ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுகிறது

பெரிய டயரின் விளைவு. ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 668லிருந்து 733 மி.மீ ஆகிறது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 88ல் போகிறது. கியர் விகிதமும் அதே பத்து சதவீதம் உயர்ந்துவிடுவதால் ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்ச் வேகும். நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்ந்த கியரான லோ-ரேஞ்சைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வாடிக்கையாளரிடம் இதை மறைக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் அடி தட்டுகிறது

வண்டிக்கு அடியில் படுத்து, கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கீறல் கிரவுனின் அடியில் இருந்தால் லிஃப்ட் உங்களுக்கு உதவவே போவதில்லை. டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் ஹவுசிங் உயரும், மேலே சொன்ன ஜிப்ஸி டயரில் அது 33 மி.மீ. கிரவுன் ஒருபக்கமாக இருக்கும் வண்டியில், அது எந்தப் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டு, உயர்ந்த கல்லைச் சக்கரத்தின் மேலேயே ஏற்றிச் செல்வது எந்தச் செலவும் இல்லாத வழி. பாலாற்று மணலில் புதைந்து வயிறு தட்டியிருந்தாலும் லிஃப்ட் மருந்தல்ல: டயரை 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதன் தடம் நீண்டு, வண்டி மணலின் மேலேயே நடக்கும். திரும்பும்போது தார்ச்சாலை ஏறுவதற்கு முன் நிரப்ப, காற்றடிக்கும் பம்ப் வண்டியிலேயே இருக்க வேண்டும். கீறல் சைலன்ஸரிலோ முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் குறுக்குச் சட்டத்திலோ மட்டும் இருந்தால், இன்னொரு அங்குலம் உயர்த்துவதற்கு முன்பு அந்த இடத்துக்கு ஒரு எஃகுத் தகடு அடித்துப் போட்டுப் பாருங்கள்.